கீரைக்குப் பாய்ச்சல், மாமரத்துக்குக் காய்ச்சல்

"காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். நிலத்துக்குத் தண்ணீர் விடவும் தெரியவேணும், விடாமல் காயப்போடவும் தெரியவேணும் என்பது அதன் பொருள். எந்தப் பயிருக்கு எப்போது பாய்ச்சல், எந்தப் பயிருக்கு எப்போது காய்ச்சல் என்பதில்தான் விவசாயியின் சாமர்த்தியம் இருக்கிறது.

இன்று இரண்டு பயிர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று முளைக்கீரை. விதைத்த இருபத்தைந்தாம் நாள் சந்தைக்குப் போய்விடும். இன்னொன்று மாமரம். நாம் வைத்தால் பேரன் காலத்திலும் நிற்கும். இரண்டும் ஒரே தோட்டத்தில் இருக்கலாம். ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே உர மூட்டை. தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது. கீரைக்குக் கொடுக்கிற மாதிரியே மாமரத்துக்கும் கொடுத்தால் மரம் பச்சைப் பசேல் என்று செழிக்கும். கிளையில் காய் இருக்காது. இலைக்கு வேண்டியது வேறு, கனிக்கு வேண்டியது வேறு. இதை மனிதன் ஒரே நாளில் தெரிந்துகொள்ளவில்லை. அந்தக் கதையைக் கொஞ்சம் கேட்டுவிட்டு, பிறகு இந்த வருஷத்து வேலைக்கு வருவோம்.

சங்க காலத்துக் குப்பைமேடு

நம் சங்க இலக்கியத்திலேயே இந்த இரண்டு பயிருக்கும் இடம் இருக்கிறது. புறநானூற்றில் 159-ஆம் பாட்டு பெருஞ்சித்திரனார் என்ற புலவர் குமணன் என்ற வள்ளலிடம் பாடியது. தன் வீட்டு வறுமையைச் சொல்கிறார். கைக்குழந்தையோடு வாடிப்போன மனைவி குப்பையில் முளைத்த கீரையில் இளந்தளிரைக் கொய்து வருகிறாள். உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். மோர் இல்லை, சோற்றையோ மறந்தே போய்விட்டாள். அந்தக் கீரையைத் தின்று பசியாறுகிறாள்.

வறுமையைச் சொல்ல வந்த புலவர், போகிற போக்கில் இரண்டு விவசாய உண்மைகளைச் சொல்லிவிட்டார். ஒன்று, கீரை முளைத்த இடம் குப்பை. வீட்டுக் கழிவும் மாட்டுச் சாணமும் மக்கிய இடம் அது. தழைச்சத்து மிகுந்த இடம். இரண்டாவது, முன்னே கொய்த கணுவிலிருந்து அது மறுபடி கிளைத்திருந்தது என்கிறார். கீரை கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் என்பதை அன்றைக்கே பார்த்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

மாமரத்தின் கதை வேறு மாதிரி. நன்னன் என்ற அரசனுக்கு ஒரு காவல் மரம் இருந்தது. ஆற்று நீரில் மிதந்து வந்த அதன் காயை, குளிக்கப் போன ஒரு பெண் அறியாமல் தின்றுவிட்டாள். அவள் எடைக்குத் தங்கப் பாவையும் எண்பத்தொரு யானையும் தருகிறோம் என்று உறவினர் கெஞ்சியும் கேளாமல் அவளைக் கொன்றான் நன்னன். குறுந்தொகை 292-ஆம் பாட்டில் பரணர் இதைச் சொல்கிறார். அந்தக் காய் மாங்காய் என்பது உரைகாரர்கள் தரும் விளக்கம். அந்தக் கொடுமை கிடக்கட்டும். யாருக்கும் சொந்தமில்லாத குப்பைமேட்டில் கீரை. காவல் போட்டுக் காக்கிற சொத்தாக மாமரம். அன்றும் அப்படி, இன்றும் அப்படி. கீரை அன்றாடச் செலவுக்கு, மரம் பெண் கல்யாணத்துக்கு.

இரண்டு அவுன்சு மண்

செடி எதைத் தின்று வளர்கிறது? மண்ணைத் தின்றுதான் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். பெல்ஜியம் நாட்டு வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர் அதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு தொட்டியில் 200 பவுண்டு காய்ந்த மண்ணை நிறுத்துப் போட்டார். அதில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். ஐந்து வருஷம் கழித்துப் பிடுங்கி நிறுத்தால் மரம் 169 பவுண்டு. மண்ணை உலர்த்தி நிறுத்தால் குறைந்தது சுமார் 2 அவுன்சுதான். நம் கணக்கில் 60 கிராம்கூட இல்லை. அவர் இறந்த பிறகு 1648-ல் இது அச்சாகியது.

தண்ணீரே மரமாகிவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். அது பாதிதான் சரி. 1779-ல் ஹாலந்து நாட்டு மருத்துவர் இங்கென்ஹவுஸ், பச்சை இலை வெயில் இருக்கும்போதுதான் காற்றைத் தூய்மையாக்குகிறது என்று காட்டினார். இலை காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் தரும் தண்ணீரையும் சேர்த்து, வெயிலின் துணையால் மாவுச்சத்தும் சர்க்கரையும் சமைக்கிறது என்பது பிறகு தெளிவாகியது. அப்படியானால் அந்த 2 அவுன்சு மண் என்ன? அதில்தான் நம் உரக்கடை முழுதும் இருக்கிறது. அளவு கொஞ்சம்தான், அது இல்லாவிட்டால் சமையலே நடக்காது.

ஜெர்மனியில் கார்ல் ஸ்பிரெங்கல் 1828-ல் சொல்லி, லீபிக் என்ற வேதியியல் அறிஞர் 1840-க்குப் பின் ஊரறியச் செய்த விதி ஒன்று உண்டு. எந்தச் சத்து தேவையைவிட மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுதான் விளைச்சலை நிர்ணயிக்கும். வீட்டில் இரண்டு மூட்டை அரிசி இருக்கிறது, விறகு ஒரு வேளைக்குத்தான் இருக்கிறது என்றால் ஒரு வேளைச் சோறுதானே? அது மாதிரிதான். தழைச்சத்தை மட்டும் கொட்டினால் மற்றது தானாக வந்துவிடாது.

யூரியா வந்த வழி

காற்றில் ஐந்தில் நாலு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தழைச்சத்துதான் இருக்கிறது. ஆனால் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. 1909-ல் ஜெர்மனியில் ஹேபர் என்பவர் அதைப் பிடித்து அம்மோனியாவாக்கிக் காட்டினார். போஷ் என்ற பொறியாளர் அதைப் பெரிய ஆலையாக்கி 1913-ல் ஓட்டினார். நம் நாட்டில் 1951-ல் சிந்திரியில் பெரிய உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு யூரியா மூட்டை கிராமத்துக் கடைக்கே வந்து சேர்ந்தது.

சாம்பல்சத்தின் வரலாறு இன்னும் பழையது. மரச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, பானையில் காய்ச்சி எடுத்த உப்பைத்தான் வெள்ளைக்காரன் பானைச் சாம்பல் என்ற பொருளில் பொட்டாஷ் என்றான். 1861-ல் ஜெர்மனியில் ஸ்டாஸ்பர்ட் என்ற ஊரில் சுரங்கத்திலிருந்து எடுத்து உரமாக்கத் தொடங்கினார்கள். நம் நாட்டுக்கு அது இன்றும் வெளிநாட்டிலிருந்து கப்பலில்தான் வருகிறது. அதனால் விலை அதிகம். யூரியாவுக்கு அரசு மானியம் அதிகம், விலை மலிவு. கையில் காசு குறைந்தால் நாம் எதை விடுகிறோம்? பொட்டாஷைத்தான் விடுகிறோம். கீரைக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. மாமரத்துக்குத் தெரியும். யூரியா போட்ட பத்தாம் நாள் இலை கருகருவென்று பச்சை பிடிக்கும், கண் நிறைந்துவிடும். கண் நிறைந்தால் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

தக்காளி சொன்ன பாடம்

இந்த நினைப்பு சரியா என்று அமெரிக்காவில் ஆரிகன் மாநில விவசாயக் கல்லூரியில் கிராஸ், கிரேபில் என்ற இருவர் தக்காளியை வைத்துப் பார்த்தார்கள். 1918-ல் வெளியிட்டார்கள். தழைச்சத்து மிக அதிகமாகக் கிடைத்த செடி இலையும் தண்டுமாக வளர்ந்தது, காய் பிடிக்கவில்லை. தழைச்சத்து மிகக் குறைவாகக் கிடைத்த செடி நோஞ்சானாக நின்றது. அதிலும் காய் இல்லை. தழைச்சத்து அளவாக இருந்து, இலை சமைத்த மாவுச்சத்து உடம்பில் சேமிப்பாக மிஞ்சிய செடிதான் நன்றாகக் காய்த்தது.

கணக்கு இவ்வளவு எளிதில்லை, பூப்பதற்கு வேறு வளர்ச்சிப் பொருள்களும் காரணம் என்று பின்னால் வந்த விஞ்ஞானிகள் சொன்னார்கள். அது சரிதான். ஆனாலும் விவசாயிக்கு வேண்டிய அடிப்படை இதில் இருக்கிறது. வருகிற வரும்படியை எல்லாம் செலவழித்தால் இலை. கொஞ்சம் மிச்சம் பிடித்தால் கனி.

கீரையில் நமக்கு வேண்டியது இலை. அதனால் செலவழிக்கட்டும், தப்பில்லை. கீரை பூத்துவிட்டால் தண்டு நாராகிவிடும், யாரும் வாங்கமாட்டார்கள். மாமரத்திலோ பூவில்தான் எல்லாம் இருக்கிறது. கீரைக்காரருக்குப் பூ நஷ்டம். தோப்புக்காரருக்குப் பூதான் லாபம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

வெயில் விஷயத்திலும் வித்தியாசம் உண்டு. 1966-ல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர், கரும்பு கடும் வெயிலிலும் வேகமாக உணவு சமைக்கிற தனி வழியை விளக்கினார்கள். நம் முளைக்கீரை, தண்டுக்கீரை வகைகளும் அந்த வழியைச் சேர்ந்தவை. அதனால்தான் சித்திரை வெயிலிலும் தண்ணீர் இருந்தால் கீரை பொங்கி வருகிறது. நிழலில் வெளிறிப் போகிறது. மாமரம் அந்த வகை இல்லை. அது நிதானமாகச் சமைத்துச் சேமிக்கிற மரம்.

புகை போட்ட பிலிப்பைன்ஸ் விவசாயி

மாமரத்தைப் பூக்க வைப்பதில் பிலிப்பைன்ஸ் விவசாயிகளுக்கு ஒரு பழைய வழக்கம் இருந்தது. மரத்தடியில் தழையைப் போட்டு மூட்டம் போடுவார்கள். நாள்கணக்கில் புகை கிளைகளுக்குள் போகும். பிறகு பூ வரும். புகையிலுள்ள எத்திலீன் என்ற வாயுதான் அந்த வேலையைச் செய்கிறது என்பது விஞ்ஞானிகள் தந்த விளக்கம். விறகுச் செலவும் கூலியும் அதிகம்.

அந்த நாட்டு விஞ்ஞானி ரமோன் பார்பா 1970-களில், பொட்டாசியம் நைட்ரேட் என்ற உப்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தாலே மாமரம் பூக்கும் என்று கண்டுபிடித்தார். உரிமம் எடுத்தும், விவசாயிகள் காசில்லாமல் அதைப் பயன்படுத்த விட்டுவிட்டார். ஆனால் ஒன்று கவனியுங்கள். முற்றிய இலையுள்ள கிளைதான் அந்தத் தெளிப்புக்குப் பூக்கும். செம்பழுப்பு நிறத்தில் கொழுந்து ஓடிக்கொண்டிருக்கிற கிளையில் எதைத் தெளித்தாலும் வீண். கிளை ஓய்வாக இருந்து முற்றவேண்டும். அந்த ஓய்வைக் கொடுப்பதுதான் காய்ச்சல்.

தோப்புக்குள் கீரைப்பாத்தி

இப்போது நம் ஊருக்கு வருவோம். இருபது வயதுத் தோப்பு ஒன்றை நான் பார்த்தேன். மரங்கள் மேகம் மாதிரி கவிந்து நின்றன. மூன்று வருஷமாகப் பெயருக்குத்தான் பூ. "மலட்டு மரமுங்க, மரக்காரருக்கு விலை பேசியாச்சு" என்றார் தோப்புக்காரர். வரிசைக்கு நடுவே கீரைப்பாத்தி. ஐப்பசி, கார்த்திகையிலும் மழை ஓய்ந்த நாளெல்லாம் தண்ணீர். அறுப்புக்கு அறுப்பு யூரியா. கீரையைக் குறை சொல்லமுடியாது. வீட்டில் தினமும் அடுப்பெரிய அதுதான் காசு கொடுத்தது. ஆனால் பாத்தியில் விட்ட தண்ணீரும் யூரியாவும் மரத்தின் வேருக்கும் போய்க்கொண்டேயிருந்தது. மரம் கொழுந்து விட்டுக்கொண்டேயிருந்தது. ஓய்வு எடுத்தால்தானே பூ?

அந்த மரங்களில் மலட்டுத்தனம் எதுவும் இல்லை. கீரைப்பாத்தியைத் தோப்புக்கு வெளியே வெயில் படும் இடத்துக்கு மாற்றி, மரத்துக்குக் காய்ச்சல் கொடுத்துப் பார்க்கும்படி சொன்னேன். விலை பேசியதை நிறுத்தி வைத்தார். முதல் வருஷம் தோப்பில் பாதி மரம்தான் பூத்தது. அது போதும், கோடாரி தள்ளிப் போய்விட்டது. இருபது வருஷம் வளர்த்த மரத்தை வெட்ட ஒரு பகல் போதும். திரும்ப வளர்க்க இன்னொரு இருபது வருஷம் வேண்டும் இல்லீங்களா?

கன்று சிறிதாக இருக்கிற முதல் சில வருஷங்களில் நடுவே கீரை, காய்கறி, பயறு வகை போடலாம். அப்போது கன்றுக்கும் வளர்ச்சிதான் வேண்டும். மரம் காய்ப்புக்கு வந்துவிட்டால் கீரையை வெளியே எடுத்துவிடுங்கள்.

உரக் கணக்கு

முளைக்கீரைக்கு ஏக்கருக்குச் சுமார் ஒரு கிலோ விதை போதும். விதை பொடி, மணல் கலந்து தூவுங்கள். அடியுரமாகத் தொழு உரம் 10 டன். தழைச்சத்து 30 கிலோ, அதாவது யூரியா சுமார் 65 கிலோ. சாம்பல்சத்து 10 கிலோ, அதாவது பொட்டாஷ் சுமார் 17 கிலோ. வேர் மேலாகவே ஓடும். அதனால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. யூரியா போட்ட கையோடு அறுக்காதீர்கள். மிச்சமான நைட்ரேட் இலையில் தங்கும். கைக்குழந்தைகளுக்கு அது நல்லதில்லை.

ஆறு வயதுக்கு மேற்பட்ட மாமரம் ஒன்றுக்கு வருஷத்துக்குத் தொழு உரம் 50 கிலோ, தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து 1 கிலோ, சாம்பல்சத்து ஒன்றரைக் கிலோ. கடைக் கணக்கில் யூரியா சுமார் 2 கிலோ 200 கிராம், சூப்பர் பாஸ்பேட் 6 கிலோ 250 கிராம், பொட்டாஷ் இரண்டரைக் கிலோ. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை ஈரத்தில் போடுங்கள். அடிமரத்தை ஒட்டிக் கொட்டினால் பயனில்லை. சத்தை உறிஞ்சுகிற வேர் தள்ளித்தான் இருக்கிறது. தூரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஆரம்பித்து, கிளை நிழல் விழுகிற எல்லை வரை பரப்பிக் கொத்திவிடுங்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீரையில் தழைச்சத்து மூன்று பங்கு, சாம்பல்சத்து ஒரு பங்கு. மாமரத்தில் தழைச்சத்து இரண்டு பங்கு என்றால் சாம்பல்சத்து மூன்று பங்கு. இது பொதுக் கணக்கு. மண் பரிசோதனை செய்து, உங்கள் மண்ணுக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துக்கொள்வது நல்லது. அடுப்புச் சாம்பலை வீணாக்காமல் மரத்துக்குப் போடச் சொன்ன பாட்டிமார் கணக்கும் இதுதான்.

உரம் போட்ட பிறகு, காய்ப்பு மரத்துக்குப் பாய்ச்சலை நிறுத்திவிடுங்கள். மழையை நம்மால் நிறுத்த முடியாது. தேங்கவிடாமல் வடித்துவிட முடியும். பூ வந்து, பிஞ்சு பட்டாணி அளவு ஆனதும் தண்ணீர் ஆரம்பியுங்கள். அதற்குப் பிறகு காய விடக்கூடாது, பிஞ்சு கொட்டும். பிப்ரவரியிலும் பூக்காத மரத்துக்கு, இலை முற்றியிருந்தால், லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கலந்து தெளிக்கலாம். தெளிக்குமுன் பக்கத்து வேளாண் விரிவாக்க மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு வருஷம் காய்த்து மறுவருஷம் ஓய்கிற ரகங்கள் உண்டு. அது ரகத்தின் குணம். காய்த்துக் களைத்த கிளை சேமிப்பு இல்லாமல் நிற்கிறது. நம் தென்னாட்டு நீலம் ரகம் வருஷா வருஷம் காய்க்கிற மரம். அதை வடநாட்டுத் தசேரியோடு சேர்த்துத்தான் 1970-களில் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மல்லிகா, ஆம்ரபாலி ரகங்களை உருவாக்கினார்கள். புதுக்கன்று வைக்கிறவர்கள் ரகத்தையும் விசாரித்து வையுங்கள்.

ஆக, கீரை தினக்கூலி மாதிரி. அன்றன்றைக்குக் கொடுத்தால் அன்றன்றைக்குத் தரும். மாமரம் குடும்பத்துப் பெரியவர் மாதிரி. வேளையறிந்து கொடுத்து, ஓய்வெடுக்க விட்டால் தலைமுறைக்கும் தரும். இந்த ஐப்பசியில் மடையைத் திறக்குமுன், தண்ணீர் கீரைக்குப் போகிறதா மரத்துக்குப் போகிறதா என்று ஒரு தடவை வாய்க்காலோடு நடந்து பார்த்துவிடுங்கள்.